மாற்றுத்திறன் குழந்தைக்குப் பள்ளியில் உரிமையைக் கேட்டுப் பெறுவது எப்படி? பெற்றோருக்கான முழு வழிகாட்டி

"மாற்றுத்திறன் இருப்பதால் உங்கள் குழந்தையைச் சேர்க்க மாட்டோம்" என்று எந்தப் பள்ளியும் எழுதிக் கொடுக்காது. எல்லாம் வாய்வார்த்தைதான். "சீட் முடிஞ்சிடுச்சுங்க", "எங்ககிட்ட அதுக்கு டிரெயினிங் எடுத்த டீச்சர் இல்ல", "இங்க இருந்தா அவனுக்குத்தான் கஷ்டம், ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்களேன்." நாளை ஓர் அதிகாரி முன் போய் நின்றால், அப்படி யாரும் சொல்லவே இல்லை என்பார்கள். உங்கள் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

அதனால் கீழே வரும் படிகள் எல்லாம் ஒரே வேலையைச் சுற்றித்தான் வருகின்றன. பேச்சில் நடப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். சட்டங்கள் இந்தியா முழுவதற்கும் பொருந்துபவை. அலுவலகப் பெயர்கள் தமிழ்நாட்டில் உள்ளபடி.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது

அடிப்படைச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இதில் 21. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

பெற்றோர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய பிரிவுகள் மூன்று.

பிரிவு 16: அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். கட்டடமும் வளாகமும் குழந்தை புழங்கும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதியும் தனிப்பட்ட ஆதரவும் தர வேண்டும். போக்குவரத்து வசதியும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

பிரிவு 17: பாடத்திட்டத்திலும் தேர்விலும் செய்ய வேண்டிய மாற்றங்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு.

பிரிவு 31: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் குடும்பத்தின் விருப்பம். "ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி" என்று முடிவு செய்யும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 40 சதவீதம் என்ற வரம்பு பிரிவு 31 போன்ற சில சலுகைகளுக்கு மட்டும்தான். வகுப்பறையில் நியாயமான வசதி கேட்க அந்த வரம்பு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில், எழுதும்போது கை இறுகிப்போகும் பாதிப்பு உள்ள ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லாவிட்டாலும் சொல்வதை எழுதுபவர் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பர்சன்டேஜ் கம்மியா இருக்கே" என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சிறுபான்மைப் பள்ளிகள். "எங்களுக்கு ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) பொருந்தாது" என்பார்கள். அது சரிதான். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின்படி கல்வி உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் பிரிவு 16 "அங்கீகாரம் பெற்ற" எல்லா நிறுவனங்களையும் பிடிக்கிறது. அங்கீகாரம் இல்லாமல் எந்தப் பள்ளி நடக்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும் தனியார் பள்ளிகளில் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் குழந்தைகள் "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்" வருகிறார்கள். நுழைவு வகுப்பில் 25 சதவீத இடஒதுக்கீட்டுக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். சேர்க்கைக்கு முன் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வும் நேர்காணலும் வைப்பதை அதே சட்டத்தின் பிரிவு 13 தடை செய்கிறது.

படி 1: சான்றிதழ், கோப்பு

தனித்துவ அடையாள அட்டைக்கு (யூ.டி.ஐ.டி.) ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனை மதிப்பீட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போக வேண்டும். சதவீதம் தவறு என்று நினைத்தால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 59இன் கீழ் மேல்முறையீடு உண்டு. சண்டை போட்டுவிட்டு வராமல், "மேல்முறையீடு யாரிடம்?" என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கூடவே ஒரு கோப்பு. தேதி வரிசையில் மருத்துவ அறிக்கைகள், சிகிச்சையாளர் குறிப்புகள், மதிப்பெண் பட்டியல்கள், பள்ளிக்குக் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் நகல், வந்த பதில்கள், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதி. முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை: தேதி, யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார், அடுத்து என்ன. அசல் ஆவணத்தை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். "வெச்சிட்டுப் போங்க, பாத்துட்டுத் தர்றோம்" என்பார்கள். நகல் கொடுங்கள்.

படி 2: குழந்தையைப் பற்றி ஒரே ஒரு பக்கம்

சான்றிதழில் ஒரு சதவீதம் இருக்கும். வகுப்பறையில் அந்தக் குழந்தைக்கு என்ன தேவை என்று அதில் ஒரு வரி இருக்காது. அதை எழுதக்கூடியவர் நீங்கள்தான்.

மூன்று பத்தி போதும். என்ன நன்றாகச் செய்வாள், எது கடினம், எது உதவுகிறது. முதல் பத்தியை விட்டுவிடாதீர்கள். குறைகளை மட்டும் படிக்கும் ஆசிரியருக்குக் குழந்தையைப் பார்க்குமுன்பே பயம் வந்துவிடும். "கவனமில்லை", "அடம்" போன்ற முத்திரைச் சொற்களுக்குப் பதில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். "எழுதுவதில் ஆர்வமில்லை" என்பதைவிட, "பத்து நிமிடத்துக்கு மேல் எழுதினால் கை வலித்து நிறுத்திவிடுகிறாள், அதே கேள்வியை வாயால் கேட்டால் முழுப் பதிலும் சொல்கிறாள்" என்ற வரி எவ்வளவோ வேலை செய்யும். அதைப் படிக்கும்போதே தீர்வும் தெரிந்துவிடுகிறது.

படி 3: கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள்

பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் தோற்கின்றன. "என் மகனைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்பது வேண்டுகோள். அதற்குச் "சரிங்க" என்று சொல்லிவிட்டு மறந்துவிடலாம், மறந்ததை யாரும் நிரூபிக்கவும் முடியாது. என்ன வேண்டும், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இருந்தால்தான் அது கோரிக்கை.

சட்டம் பள்ளிக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். "நியாயமான வசதி" என்பதன் விளக்கத்திலேயே, அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக்கூடாது என்று இருக்கிறது. ஆகவே செலவே இல்லாததை முதலில் வையுங்கள். உட்காரும் இடத்தை மாற்றுவதற்கும், வகுப்பைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவருவதற்கும், வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கும் யாரும் "சுமை" என்று வாதிட முடியாது. சாய்தளம், கழிப்பறை மாற்றம் போன்றவற்றைத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். ஒரே கடிதத்தில் எல்லாம் இருந்தால், "மேனேஜ்மென்ட்ல கேக்கணும்" என்ற ஒரே பதிலில் எல்லாமே நின்றுவிடும்.

ஒரு மாதிரிக் கடிதம்:

*பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள்*

*பொருள்: 5ஆம் வகுப்பில் பயிலும் என் மகளுக்கு நியாயமான வசதிகள் கோருதல் தொடர்பாக.*

*மதிப்பிற்குரிய அம்மா,*

*என் மகளுக்குக் குறைபார்வை உள்ளது (சான்றிதழ் நகல் இணைப்பு 1). வகுப்பில் ஆர்வமாகக் கலந்துகொள்கிறாள். கரும்பலகையில் எழுதுவதைப் படிக்க முடியாததால் குறிப்பெடுப்பதில் பின்தங்குகிறாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவுகள் 16, 17இன்படி கீழ்க்கண்டவற்றைச் செய்து தரக் கேட்டுக்கொள்கிறேன்:*

*1. முன்வரிசையில், சன்னல் வெளிச்சம் கண்ணில் கூசாத இடம்.*
*2. கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டும் வாசித்தல்.*
*3. பருவத்தேர்வு வினாத்தாள் பெரிய எழுத்தில்.*
*4. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம்.*

*முதல் இரண்டையும் உடனேயும், மற்றவற்றை வரும் பருவத்தேர்வுக்கு முன்பும் செய்து தரலாம் என எண்ணுகிறேன். எடுத்த முடிவை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். தேவைப்பட்டால் வகுப்பாசிரியருடன் நேரில் பேசத் தயாராக இருக்கிறேன்.*

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தக் கடிதத்தை ஒருநாள் மூன்றாம் மனிதர் ஒருவர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுத வேண்டும். நான்காவது கோரிக்கையில் உள்ள 20 நிமிடம், மத்திய அரசின் எழுத்துத் தேர்வு வழிகாட்டு நெறிமுறைகளில் உள்ள குறைந்தபட்ச அளவு.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பள்ளியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், தபாலிலும் ஒப்புகையோடு அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள். மறுத்தவரிடம் வாதாடத் தேவையில்லை.

படி 4: நேரில் பேசும்போது

தனியாகப் போகாதீர்கள். கணவரோ, தம்பியோ, இன்னொரு பெற்றோரோ கூட இருக்கட்டும். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். அம்மா தனியாகப் போனால் அறிவுரையும், அப்பாவோடு போனால் பதிலும் கிடைக்கிற பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. எரிச்சலான உண்மைதான், அதையும் கணக்கில் வைத்தே போக வேண்டியிருக்கிறது.

வகுப்பாசிரியரை எதிராளியாக நினைத்துக்கொண்டு உள்ளே போனால் பாதி தோற்றாயிற்று. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் திணறுகிறார். அவருக்கு என்ன உதவி இல்லை என்று கேளுங்கள். "சிறப்பாசிரியர் வாரம் ஒருநாள் வந்தால் போதும்" என்று அவர் சொன்னால், அது உங்கள் அடுத்த கோரிக்கை, இப்போது அவரும் உங்கள் பக்கம். அரசுப் பள்ளியாக இருந்தால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள், அங்கேயும் மனு கொடுக்கலாம். சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளிலேயே சிறப்புக் கல்வியாளர் நியமனத்தைக் கேட்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

பேச்சு சூடாகும்போது கைகொடுக்கும் சில வாக்கியங்கள்:

"முடியாதுன்னு சொல்றீங்கன்னா, காரணத்தை எழுதிக் கொடுத்துடுங்க சார். நான் மேல கேட்டுக்கறேன்."

"இதை முடிவு பண்ற அதிகாரம் யாருக்கு மேடம்? அவங்களைப் பாக்க நேரம் வாங்கித் தர்றீங்களா?"

"ஒரு மாசம் இப்படிச் செஞ்சு பாப்போம். சரிவரலைன்னா திரும்ப உக்காந்து பேசுவோம்."

மூன்றாவதுதான் அதிகம் பலிக்கும். நிரந்தரமாக ஒப்புக்கொள்ளத் தயங்குபவர்கள் ஒரு மாத வெள்ளோட்டத்துக்குச் சம்மதித்துவிடுவார்கள். வசதி வேலை செய்தால் அதை நிறுத்தக் காரணம் தேட வேண்டியது அவர்கள்தான்.

அன்று மாலையே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். "இன்று காலை நாம் பேசியபடி திங்கள் முதல் முன்வரிசையில் இடம், வினாத்தாள் பற்றி 20ஆம் தேதிக்குள் பதில் என்று சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டதில் தவறிருந்தால் சொல்லுங்கள். நன்றி." பதில் வராவிட்டாலும் அது ஓர் ஆவணம்தான். "சொன்னேனே", "சொல்லவே இல்லையே" என்ற இழுபறிக்கு இடமே இருக்காது.

படி 5: மூன்று பொறிகள்

முதல் பொறி டி.சி. பள்ளி தானாக வெளியேற்றினால் சட்டம் குறுக்கே வரும். தொடக்கக் கல்வி (8ஆம் வகுப்பு) முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 16 சொல்கிறது. அதனால் உங்களையே கேட்க வைப்பார்கள். "சொந்தக் காரணத்துக்காக மாற்றுச் சான்றிதழ் வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். போட்டபிறகு எந்த அலுவலகத்திலும் உங்கள் வழக்கு நிற்காது. பள்ளியின் முடிவு என்றால் பள்ளியே எழுதட்டும்.

இரண்டாவது, நிழல் ஆசிரியர், அதாவது வகுப்பில் குழந்தையின் கூடவே இருக்கும் தனி உதவியாளர். "ஷேடோ டீச்சர் நீங்களே வெச்சுக்கிட்டா சேத்துக்கறோம்" என்பது தனியார் பள்ளிகளில் இப்போது சர்வ சாதாரணம். தனிப்பட்ட ஆதரவு தருவது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 16இன்படி நிறுவனத்தின் கடமை. நடைமுறையில் பல பெற்றோர் வேறு வழியின்றி ஒப்புக்கொள்கிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒப்புக்கொண்டாலும், "பள்ளி நியமிக்காததால், பள்ளி கேட்டுக்கொண்டபடி தற்காலிகமாக" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் இது உங்கள் விருப்பம் என்று பேச முடியாது.

மூன்றாவது, பொறுப்புத் துறப்பு. "பள்ளியில் என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற தாளில் எல்லாப் பெற்றோரும் கையெழுத்திடுகிறார்களா என்று கேளுங்கள். உங்களிடம் மட்டும் கேட்டால் அதுவே பாகுபாட்டுக்குச் சான்று. அந்தத் தாளைப் படமெடுத்து வையுங்கள்.

படி 6: பள்ளிக்கு மேலே போவது

15 நாள் ஆயிற்று, பதில் இல்லை. ஒரு நினைவூட்டல் கடிதம் போதும். அதற்கும் அசைவில்லை என்றால் மேலே போக வேண்டியதுதான்.

கல்வித்துறையில் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று வரிசை. தனியார் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் உண்டு. அதே மனுவின் நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். இனி எங்கே போனாலும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அரசுப் பள்ளி, அரசு அலுவலகம் என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23 கூடுதல் பலம். ஒவ்வோர் அரசு அமைப்பிலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகாரைப் பதிவு செய்து 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம்.

மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: "இன்ன தேதியிட்ட என் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? தற்போது எந்த அலுவலரிடம் உள்ளது? தொடர்புடைய கோப்புக் குறிப்புகளின் நகல் தருக." தனியார் பள்ளியிடம் நேரடியாகக் கேட்க முடியாவிட்டாலும், அதை மேற்பார்வையிடும் கல்வி அலுவலகத்திடம் கேட்கலாம். பல மனுக்கள் இந்த ஒரு விண்ணப்பத்துக்குப் பிறகுதான் நகரத் தொடங்குகின்றன, ஏனென்றால் இப்போது ஒரு குறிப்பிட்ட அலுவலர் தன் பெயரில் பதில் எழுத வேண்டும்.

அடுத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே புகார் எழுதலாம். சாட்சிகளை வரவழைப்பது, ஆவணங்களைக் கேட்பது ஆகியவற்றில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. பள்ளிக்கு அங்கிருந்து நோட்டீஸ் போனாலே பல விஷயங்கள் முடிந்துவிடும். ஆனால் அவர் தருவது பரிந்துரைதான் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அதன்மீது எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் மூவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இவை எல்லாம் வசதி மறுப்புக்கு. அடி, அவமானம், மிரட்டல் என்றால் இந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. பலர் முன்னிலையில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 92இன்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நேராகக் காவல் நிலையம் போகலாம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம்.

பொதுத்தேர்வுச் சலுகைகள்

இதில் தாமதம்தான் எதிரி. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சில வாரம் முன்பு ஓடினால் மருத்துவச் சான்று, பள்ளியின் பரிந்துரை, தேர்வுத் துறையின் ஆணை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றுகளைத் தயார் செய்து, கல்வியாண்டு தொடங்கியதுமே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். பள்ளித் தேர்வுகளிலும் அதே சலுகையைக் கேட்டு வாங்குங்கள். சொல்வதை எழுதுபவருக்குச் சொல்லப் பழக வேண்டும், அது தனித் திறமை. வாக்கியத்தை மனதில் கட்டி, நிறுத்தற்குறியோடு சொல்லத் தெரியாத பிள்ளை பொதுத்தேர்வு அன்று தடுமாறிவிடும்.

பெற்றோருக்கும் சில உரிமைகள்

மத்திய அரசில் பணிபுரியும் பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள். மாற்றுத்திறன் குழந்தைக்கு வயது வரம்பு கிடையாது. இந்த விடுப்பு இல்லாத மாநிலம் ஒன்றின் ஊழியரான தாய் தொடுத்த வழக்கில், இது சலுகை அல்ல, அரசியலமைப்பின்படி அவசியம் என்ற நோக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பேசியது. மத்திய அரசு ஊழியரான பராமரிப்பாளருக்கு வழக்கமான இடமாறுதலிலிருந்து விலக்குக் கேட்கும் வழியும் உண்டு. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. அதற்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான்.

18 வயதாகும் முன்

சட்டப்படி 18 ஆனதும் நீங்கள் இயல்பான பாதுகாவலர் இல்லை. பல குடும்பங்களுக்கு இது வங்கிக் கவுன்ட்டரில்தான் தெரியவருகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்றால் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், 18 வரை காத்திருக்காமல் இப்போதே சேரலாம். மற்ற குறைபாடுகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 14 வரையறுக்கப்பட்ட பாதுகாவலரைச் சொல்கிறது. அதாவது பிள்ளையோடு சேர்ந்து முடிவெடுப்பவர், பிள்ளைக்குப் பதிலாக அல்ல. தானே கையெழுத்திட்டு, புரிந்து முடிவெடுக்கக்கூடிய பிள்ளைக்குப் பாதுகாவலரே வேண்டாம். பார்வைக் குறைபாடோ உடல் குறைபாடோ மட்டும் உள்ளவரிடம் வங்கி பாதுகாவலர் சான்று கேட்டால், எந்த விதியின்படி என்று எழுதிக் கேளுங்கள்.